நலம்விரும்பி இல்லாத பஸ்

டெட்ஸா
மே 12, புதன்

அன்புத் தம்பி லெவிசனுக்கு,

இன்று ஜெபம் முடிந்தபின் ஆலயத்தில் இருந்தவர்கள்: மாதர் சங்கத் தலைவி எலுபே அம்மா, காரியதரிசி மெலியா, பொருளாளர் நான், டோரிக்கா, கைக்குழந்தையோடு அலெஃபா, இருமலோடு லஸ்தினா, மரவாடி முதலாளி மசாம்பாவின் மனைவி ஜெலிதா, வாசல் பக்கம் போதகர். எட்டுப் பேர். குழந்தையைச் சேர்க்கவில்லை. நடந்ததை நீ நம்பாவிட்டால் இவர்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள் என்றுதான் பெயர்களை எழுதுகிறேன்.

ஒன்பதாவது ஆளாக மசாம்பா வந்தார். பின்னாலேயே இரண்டு ஆட்கள் ஒரு துணி மூட்டையைத் தூக்கி வந்து வராந்தாவில் போட்டார்கள்.

“அம்மாமார்களே, நாப்பது துண்டு இருக்கு. நடுவுல புது ஜனாதிபதி முகம், ஓரத்துல நம்ம மரவாடி பேரு. ஜூன் பன்னெண்டு பதவியேற்பு விழா, காலையில மூணு லாரி வரும். ஏறுங்க, பாடுங்க, ஆடுங்க, வயிறாரச் சாப்பிடுங்க. எல்லாம் என் செலவு” என்றார்.

எலுபே அம்மா மெதுவாகத்தான் கேட்டார்கள். “எங்களுக்குச் சங்கத்து வெள்ளைச் சட்டை இருக்கே ஐயா?”

“அதைப் பெட்டியில வைங்கம்மா. பேச்செல்லாம் முடிஞ்சுபோச்சு. ஃபலேசி அம்மாவோட தம்பிகிட்ட நான் சேவல் குடுத்தேன். அவரு எனக்குப் பெட்டை அனுப்பிட்டாரு. அப்புறம் என்ன?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன சனிக்கிழமை விழாக் குழுவின் காரில் வந்து, “அக்கா, அவசரமா ஒரு பெட்டைக்கோழி வேணும்” என்றாய். டிரைவருக்குச் சமைத்துப் போடப்போகிறாய் என்று நினைத்து, முட்டையிடுகிற புள்ளிக்கோழியையே பிடித்துக் கொடுத்தேனே!

முதலில் வாயைத் திறந்தது டோரிக்காதான். அவள் எப்போது சும்மா இருந்தாள்? “அட கடவுளே! அப்ப நம்ம நாப்பது பேரையும் இவருக்குக் கட்டிக் குடுத்தாச்சா? ஜெலிதா, இனி நாங்கள்லாம் உனக்கு இளையவங்க. எந்த ரூம்ல படுக்கணும்னு சொல்லும்மா.”

ஜெலிதா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “எந்த ரூம்லயாவது படு. அவரு குறட்டையையும் நீயே எடுத்துக்கோ.”

போதகர் இருமினார். லஸ்தினா நிஜமாகவே இருமினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பி, ஆண் வீட்டிலிருந்து சேவலும் பெண் வீட்டிலிருந்து பெட்டையும் கை மாறினால் கல்யாணச் சம்மதம் முடிந்தது என்று நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். உனக்குத் தெரியாமல் போனது எப்படி?

துணியை யாரும் தொடவில்லை. மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது. விழாவில் பாட நம் சங்கம் தேர்வானது என்று ஏப்ரலில் நீ எழுதிய நாளிலிருந்து தினமும் பாடிப் பழகுகிறோம். இந்த ஊர்ப் பெண்கள் ஒரு ஜனாதிபதிக்கு முன்னால் தங்கள் விருப்பத்தோடு நின்று பாடப்போவது இதுதான் முதல் தடவை. அதை மசாம்பாவின் ஆட்களாக நின்று பாட எங்களுக்கு மனமில்லை.

எனக்கு ஒன்று தெரியவேண்டும். அந்த விழாவுக்குப் பணம் கொடுப்பது யார்?

உன் அக்கா,
ஃபலேசி


லிலொங்வே
மே 16, ஞாயிறு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் கடிதத்தை வியாழன் பஸ் கண்டக்டர் கொடுத்தார்.

தாங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மேடை, அரங்கத்து நாற்காலிகள், பீரங்கி மரியாதை, வெளிநாட்டு விருந்தினர் தங்கும் செலவு ஆகியவை அரசாங்கக் கருவூலத்தைச் சேர்ந்தவை. பாட்டுக் குழுக்கள், அவர்களுடைய போக்குவரத்து, உணவு, துணி ஆகியவற்றுக்குக் கருவூலத்தில் ஒரு தம்பாலா காசுகூட ஒதுக்கவில்லை. அவற்றை நலம்விரும்பிகள் ஏற்கிறார்கள். டெட்ஸா பகுதிக்கு நலம்விரும்பி திரு. மசாம்பா. இது சட்டப்படி சரியான ஏற்பாடுதான்.

அடுத்தது சேவல் விஷயம். அன்று லாரிகளைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். புறப்படும்போது ஒரு சேவலைக் காரில் போட்டார். மறுத்தால் மரியாதையில்லை. வாங்கினால் விழாக் குழுவின் போக்குவரத்துச் செயலர் அன்பளிப்பு வாங்கினார் என்று பேச்சு வரும். பாதி வழியில் மனசு உறுத்தியது. அதனால்தான் காரைத் திருப்பித் தங்களிடம் பெட்டை வாங்கி அவருக்கு அனுப்பினேன். கோழிக்குக் கோழி, யாருக்கும் கடன் இல்லை என்றுதான் நினைத்தேன். சத்தியமாக, பெட்டி நிறையக் கோப்புகள் பார்த்துப் பார்த்து, ஊர் வழக்கம் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை. மசாம்பா சிரித்தபடி வாங்கிக்கொண்டதாக டிரைவர் சொன்னபோதுகூட எனக்குப் புரியவில்லை.

சேவலைத் திருப்பித் தரலாமே என்று கேட்பீர்கள். சாப்பிட்டுவிட்டோம். மூன்று மணி நேரம் வேகவைத்தும் அது வேகவில்லை.

அக்கா, நாற்பது பெண்கள், மூன்று லாரி என்று விழாக் குழுத் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வேலை இன்னும் தற்காலிகம்தான். விழா நல்லபடியாக முடிந்தால் அமைச்சகத்தில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள், ஆறே நிமிடப் பாட்டு. அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டு பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

தங்கள் தம்பி,
லெவிசன்


டெட்ஸா
மே 19, புதன்

தம்பி,

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாய். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

மலைச்சரிவில் இருக்கும் பைன் மரங்களை வெட்ட மசாம்பா உரிமம் கேட்டிருக்கிறார். வனத்துறைக் குமாஸ்தாவின் மனைவி எங்கள் சங்கம்தான், அவளே சொன்னாள். இரண்டு வருடமாக அவருக்குக் கிடைக்கவில்லை. பதவியேற்பு விழாவுக்கு மூன்று லாரியும் நாற்பது பெண்களும் கொடுத்தவருக்கு மூன்றாவது வருடம் யார் இல்லை என்பார்கள்? விழுந்த கிளைகளை நாங்கள் விறகுக்குப் பொறுக்குவது அந்தச் சரிவில்தான். இங்கே ஜூலைக் குளிர் எப்படி என்று லிலொங்வேக்குப் போனதும் மறந்துவிட்டாயா? ஆக, மசாம்பா தருகிற சாப்பாட்டுக்கு நாங்கள் எங்கள் விறகால் பணம் கட்டுகிறோம். அவர் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை.

இன்னொன்று. போக்குவரத்து நலம்விரும்பி செலவு என்று எழுதியிருக்கிறாய். திரும்பி வருகிற கூலி யாருடையது? பழைய ஆட்சியில் கட்சிக்காரர்கள் வீடு வீடாக வந்து கோழியும் முட்டையும் பிடித்துப் போவார்கள், எங்களை லாரியில் ஏற்றி ஆடக் கொண்டுபோவார்கள். வராதவளுக்குச் சந்தையில் உப்பு விற்கமாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் லாரியைக் காணாது. நான் ஏழு மாத வயிற்றோடு லிலொங்வேயிலிருந்து வழியிலுள்ள லின்திப்பே ஊர் வரைக்கும் நடந்திருக்கிறேன். எலுபே அம்மாவின் செருப்பு பாதி வழியில் அறுந்தது. அப்போதும் யாரோ ஒருவர் “எல்லாம் என் செலவு” என்றுதான் சொல்லியிருப்பார்.

அடிபம்பில் இப்போது எங்களுக்குப் பெயர் “மசாம்பாவின் நாற்பது பெண்டாட்டிகள்”. நேற்று தண்ணீர் எடுக்கப் போனால், “வழி விடுங்கப்பா, முதலாளியம்மா நம்பர் இருபத்தேழு வர்றாங்க” என்று ஒருத்தி கத்துகிறாள். டோரிக்கா தனக்கு நம்பர் இரண்டு வேண்டும் என்று சண்டை போடுகிறாள். யோத்தாமு, உன் அத்தான், நல்ல மனுஷன், கோபித்துக்கொள்ளவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, “ஏம்மா, உன் இன்னொரு வீட்டுல இன்னிக்கு என்ன சமையல்?” என்று கேட்டார். கரண்டியைக் காட்டினேன்.

மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டோம். முழங்காலில் நின்று கர்த்தரிடம் கேட்டுத்தான் முடிவெடுத்தோம். பாடுவோம், சொந்தச் சட்டையில், சொந்தச் செலவில். போக வர இரண்டுக்கும் நாங்களே கட்டுவோம்.

நான் யோத்தாமுவைக் கட்டியபோது நம் மாமா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இருபது வயதில், கடன் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு, மாமா இடத்தில், பெண்ணுக்குப் பொறுப்பு ஏற்கும் ங்கோஸ்வேயாக எழுந்து நின்றவன் நீ. “இவளுக்கு ஒன்றென்றால் என்னைக் கேளுங்கள், நான் பதில் சொல்வேன்” என்று இரண்டு வீட்டார் முன்னாலும் சொன்னாய். இத்தனை வருடத்தில் உன்னை நான் எதற்கும் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிடுகிறேன். உன் தலைவர் முன்னால் எழுந்து நின்று, இந்தப் பெண்களுக்கு நலம்விரும்பி யாரும் இல்லை, அவர்களே கட்டுகிறார்கள் என்று சொல்.

ஃபலேசி


லிலொங்வே
மே 24, திங்கள்

அக்காவுக்கு,

தலைவரிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். நலம்விரும்பி இல்லாத குழுவுக்கு நிகழ்ச்சியில் இடம் இல்லை என்றார். தங்கள் ஆறு நிமிடத்துக்கு வேறு மூன்று ஊர்க்காரர்கள் காத்திருக்கிறார்கள். மசாம்பா இரண்டு முறை டெலிபோன் செய்துவிட்டார். மூட்டையைத் திருப்பியது அவருக்கு அவமானமாம்.

எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். வாடகை இருக்கிறது. இதையெல்லாம் தாங்கள் எழுதிப் பார்த்தீர்களா?

செய்வதைச் செய்யுங்கள். என் பெயரைச் சொல்லாதீர்கள்.

லெவிசன்


டெட்ஸா
ஜூன் 2, புதன்

தம்பி லெவிசனுக்கு,

உன் பெயரைச் சொல்லாமல் முடியாது. கோழி மாற்றியவன் நீ. இருந்தாலும் கௌரவமாகத்தான் சொன்னோம், கேள்.

கை மாறிய கோழிகள் திரும்பக் கை மாறினால் பேச்சு முறிந்தது என்பதும் வழக்கம்தானே? நேற்று செவ்வாய், சந்தை நாள். நீங்கள் தின்ற சேவலுக்குப் பதிலாகச் சந்தையிலேயே ஒரு சேவல் வாங்கினோம். முப்பத்தைந்து குவாச்சா. சிவப்புக் கொண்டை, நல்ல கனம். டோரிக்கா அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜெலிதா தவிர முப்பத்தொன்பது பேரும் வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, வெள்ளைத் தலைத்துணி. காலைப் பனியில் வரிசையாக, விழாவுக்குப் பழகிய பாட்டையே பாடிக்கொண்டு மரவாடிக்கு நடந்தோம். சந்தை பாதி எங்கள் பின்னால் வந்தது. உருளைக்கிழங்கு விற்கிறவள் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

ரம்பம் நின்றது. மசாம்பா அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார்.

“என்ன ஊர்வலம்?”

நான் மண்டியிட்டேன், மரியாதைக்காக. “ஐயா, உங்க சேவலை ஒப்படைக்க வந்திருக்கோம். எங்க பெட்டையைக் குடுத்திருங்க. என் தம்பி வழக்கம் மறந்து செஞ்சுட்டான். மனசுல கள்ளமில்ல, கடன் வைக்கக்கூடாதுன்னுதான் செஞ்சான்.”

“நான் குடுத்த சேவல் இதைவிடப் பெருசு.”

“வயசுதான் பெருசு!” என்றாள் டோரிக்கா. “மூணு மணி நேரம் வெந்தும் வேகலையாமே! லிலொங்வே வரைக்கும் நாறிப்போச்சு உங்க பேரு.”

மரம் அறுக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். மசாம்பாவுக்குக் காது சிவந்தது. “நான் மட்டும் இல்லேன்னா நீங்க அங்க எப்படிப் போவீங்க? நடந்தா?”

“நடந்து பழக்கம் இருக்குய்யா. இந்தத் தடவை பஸ்ஸுல போறோம்” என்றார்கள் எலுபே அம்மா.

அவர் பதில் சொல்லுமுன் வீட்டுக்குள்ளிருந்து ஜெலிதா வந்தாள். அவளும் வெள்ளைச் சட்டைதான். அக்குளில் என் புள்ளிக்கோழி. எல்லார் முன்னாலும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். “எடுத்துட்டுப் போ அக்கா. இந்த மனுஷனுக்கு ஒருத்தி போதும். அந்த ஒருத்திக்கே இவரு ஒழுங்கா உப்பு வாங்கித் தர்றதில்ல” என்று சொல்லிவிட்டு வந்து எங்கள் வரிசையில் நின்றாள். டோரிக்கா சேவலை மசாம்பா கையில் திணித்தாள்.

அப்போது எழுந்த குலவைச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது தம்பி. எனக்குக் கண்ணில் தண்ணீர். கோழி வேறு கையைக் கொத்திக்கொண்டிருந்தது.

அங்கிருந்து நேராகச் சந்தை மைதானம். கல்யாணத்தில் மணமக்களைச் சுற்றி ஆடிப் பணம் போடுவோமே, அதே மாதிரி நடுவில் ஒரு கூடையை வைத்துச் சுற்றி ஆடினோம். யோத்தாமு பெட்டி மேல் ஏறி, “போடுங்க, போடுங்க! பொண்ணு வீடு மாப்பிள்ளை வீடு எல்லாம் நாமதான், போடுங்க!” என்று தொண்டை கட்டும் வரை கத்தினார். ஒரே ஒரு சட்டம் வைத்தோம். ஒருவர் இருபது குவாச்சாவுக்கு மேல் போடக்கூடாது. பஸ் யாருடையது என்று நாளைக்கு யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

முதல் இருபது ஜெலிதா போட்டாள், தானே மாவு உருண்டை பொரித்து விற்ற காசு. பள்ளிக்கூடத்து வாத்தியார் பத்து. உருளைக்கிழங்குக்காரி இரண்டு, அதோடு அரைக்கூடை கிழங்கு. கடைசியில் யார் வந்தது தெரியுமா? மசாம்பாவேதான். நூறு குவாச்சா தாள் ஒன்றை நீட்டினார். நான் வாங்கி எண்பது மீதி கொடுத்தேன். மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, தோளைக் குலுக்கி இரண்டு அடி ஆடிவிட்டுப் போனார். மோசமாக ஆடவில்லை.

சங்கத்துப் பெண்கள் தலைக்குப் பத்து, 400. கூடையில் விழுந்தது 1,343 குவாச்சா 50 தம்பாலா. மொத்தம் 1,743.50. பஸ்காரர் போக வர 1,600 என்றார். பாதியை மட்டும் கொடுத்தேன். மறு பாதி எங்கள் கால் டெட்ஸா மண்ணில் பட்டபின். அதுவரை என் இடுப்புத் துணி முடிச்சில் இருக்கும். மிச்சம் ரொட்டிக்கும் வேர்க்கடலைக்கும். சேவல் விலை என் சொந்தக் கணக்கு, உன்னிடம் கேட்கப்போவதில்லை.

இடம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பன்னிரண்டாம் தேதி வருவோம். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று பாடுவோம்.

உன் அக்கா,
ஃபலேசி


லிலொங்வே
ஜூன் 8, செவ்வாய்

அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை என் மனைவி பிடுங்கிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். எண்பது மீதி என்ற இடத்தில் அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. பிறகு என்னைப் பார்த்து, “உங்க அக்கா கூப்பிட்டிருக்காங்க. நீங்க ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்றேன். “டெட்ஸா குழுவுக்கு நலம்விரும்பி யாருங்க?” என்று தலைவர் கேட்டார். “யாரும் இல்லைங்க. அவங்களே கட்டிட்டாங்க. போறதுக்கும் கட்டிட்டாங்க, திரும்பறதுக்கும் கட்டிட்டாங்க” என்றேன். எங்கள் படிவத்தில் நலம்விரும்பி பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் பதிவேட்டில் ஏற்றமாட்டார்கள். அவர்கள் முன்னாலேயே பேனாவை எடுத்து அதில் “தாங்களே” என்று எழுதி, எண்பது மீதி கதையையும் சொன்னேன். “யாருய்யா அந்தப் பொம்பளை, மீதி குடுத்தவ?” என்று ஒருவர் கேட்டார். “என் அக்கா” என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது, உண்மை.

அன்று மாலையே போக்குவரத்து மேசையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். விழா நாளில் நான்காம் வாசலில் சீட்டு கிழிக்கும் வேலை.

ஆனால் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தலைவர் ரேடியோவில் பேசினார். விழா ஆடம்பரமாக இருக்கிறது என்று எல்லோரும் குறை சொல்வதால், நல்லதாக ஏதாவது சொல்லவேண்டுமே! “டெட்ஸாவிலிருந்து தங்கள் காசில் பஸ் பிடித்து வருகிற தாய்மார்களைப் பாருங்கள்” என்று பெருமையடித்தார். உடனே பத்திரிகைக்காரி ஒருத்தி, “அப்படின்னா மத்தவங்களுக்கெல்லாம் யார் பணம் கட்டுறாங்க ஐயா?” என்று கேட்டுவிட்டாள். நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவருக்கு வேறு வழியில்லாமல், கொடுத்தவர்கள் பட்டியலை எல்லா மாவட்ட அலுவலகத்திலும் ஒட்டுவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். யார் என்ன கொடுத்தார்கள் என்று முழுதாகக் குறித்து வைத்திருந்தது நான் ஒருவன்தான். பட்டியல் போட்டேன். பெயர், கொடுத்தது என்று இரண்டு பத்தி போதும் என்றார்கள். நான் மூன்றாவதாக “கேட்டது” என்று ஒரு பத்தி சேர்த்தேன். ஒருவர் சுங்க விலக்கு, ஒருவர் தார் ரோடு, மசாம்பா மலைச்சரிவு. எல்லாம் அவரவர் கடிதத்தில் கைப்பட எழுதியது. தலைவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு முத்திரை போட்டார். ஏன் போட்டார் என்று எனக்கு இன்னும் தெரியாது. உங்கள் வரிசையில் கேட்டது என்ற இடத்தில் “ஒன்றுமில்லை” என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பட்டியலில் அப்படி ஒரே ஒரு வரிசைதான்.

உங்கள் ஆறு நிமிடம் உறுதி. ராணுவ வாத்தியத்துக்கு அடுத்து. நான்காம் வாசலுக்கு வாருங்கள்.

லெவிசன்


டெட்ஸா
ஜூன் 16, புதன்

அன்புத் தம்பி லெவிசனுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நாற்பது பேர் போனோம், நாற்பது பேரும் வந்து சேர்ந்தோம்.

நான்காம் வாசல் நெரிசலில் உன்னிடம் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். வெயிலில் நின்று சீட்டு கிழித்துக்கொண்டிருந்தாய். உன் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், “எந்த முதலாளியோட ஆளுங்க?” என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் நீ முந்திக்கொண்டு, “யாரோட ஆளுங்களும் இல்ல. என் அக்கா. இவங்க எல்லாருக்கும் நான்தான் பதில்” என்றாயே. இரண்டு வீட்டார் முன்னால் நீ அன்று நின்றதைவிட இது பெரிது. டோரிக்கா உன் கன்னத்தைக் கிள்ளியதற்குக் கோபப்படாதே.

மேலே உட்கார்ந்திருந்தவர்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. எல்லாம் வண்ண வண்ணத் துணி, எல்லாத் துணியிலும் ஒரே முகம், ஓரத்தில் ஏதாவது ஒரு கம்பெனி. நடுவில் நாங்கள் மட்டும் வெள்ளை. எலுபே அம்மா முதல் அடி எடுத்துக்கொடுத்தார்கள். இரண்டாவது அடியில் நாற்பது பேரும் சேர்ந்தோம். மூன்றாவது அடியில் மைதானமே சேர்ந்துகொண்டது. ஆறு நிமிடம் என்றார்கள். பதினோரு நிமிடம் பாடினோம், யாரும் நிறுத்தவில்லை. புது ஜனாதிபதி எழுந்து நின்றார் என்று மெலியா சத்தியம் செய்கிறாள். நான் கண்ணை மூடியிருந்தேன். லஸ்தினா ஒரு தடவைகூட இருமவில்லை.

திரும்பும்போது லின்திப்பேக்குப் பத்து மைல் முன்னால் ரோட்டோரம் பதினான்கு பெண்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். நல்ல புதுத் துணி, செருப்பு கையில். பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன்.

“லாரி எங்கம்மா?”

“விழா முடிஞ்சு வந்து பார்த்தோம், காணோம்க்கா. போறதுக்குத்தான் கூலி குடுத்தாங்களாம்.”

ஒருத்திக்கு வயிறு மேடிட்டிருந்தது. அவளை என் இடத்தில் உட்காரவைத்தேன். டிரைவர், “கூடுதல் ஆளுக்குக் கூடுதல் காசு ஆகும்மா” என்றார். “மீதி எண்ணூறு என் இடுப்புல இருக்கு தம்பி. டெட்ஸாவுல பேசிக்கலாம்” என்றேன். பிறகு அவர் வண்டியை நல்லபடியாக ஓட்டினார். ஐம்பத்துநான்கு பேர் பாடிக்கொண்டு வந்தோம். இருட்டுவதற்குள் சந்தை மைதானத்தில் இறங்கினோம். முடிச்சை அவிழ்த்து எண்ணூறைக் கொடுத்தேன், அவர் கூடுதலாக ஒன்றும் கேட்கவில்லை. டெட்ஸாவுக்கும் அப்பால் ஊர்க்காரர்களான அந்தப் பதினான்கு பேரும் அன்று எங்கள் வீடுகளில் ன்சிமாக் களியும் பீன்ஸும் சாப்பிட்டு, ஞாயிறு ஆராதனைக்கும் இருந்துவிட்டுத்தான் போனார்கள்.

நேற்று மாவட்ட அலுவலகப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். வாத்தியார் உரக்கப் படித்தார். மசாம்பாவின் வரிசை வந்ததும், “கேட்டது, மலைச்சரிவுப் பைன் மரம் முழுவதும்” என்று படித்தார். வனத்துறை அதிகாரியும் அங்கேதான் நின்றார். மசாம்பா, “கேட்டேன், குடுத்தாங்களா? குடுக்கலையே!” என்றார். அதிகாரி, “எப்படிக் குடுக்கறது? ஊரே படிச்சாச்சே” என்றார். ஜெலிதாதான் முதலில் சிரித்தாள். இந்த ஜூலைக்கு எங்களுக்கு விறகு இருக்கிறது.

எங்கள் வரிசைக்குக் குலவை போட்டார்கள். ஆனால் தம்பி, அதில் ஒரு தப்பு இருக்கிறது. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ரோட்டில் அந்தப் பெண்களைப் பார்க்கும் வரை அது சரி. விழாவுக்குப் பணம் கட்டியது யார் என்று இப்போது எனக்குத் தெரியும். அவர்கள் காலால் கட்டியிருக்கிறார்கள், பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. பதினான்கு பெயரையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கொடுத்தவர்கள் வரிசையில் சேர்.

“ஒன்றுமில்லை” என்பதை அடித்துவிட்டு, மாதர் சங்கம் கேட்டது என்று இதை எழுது: அந்த லாரிகள் யாருடையவை, திரும்புகிற கூலியை வாங்கிக்கொண்டது யார். எலுபே அம்மாவும் மெலியாவும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஜெலிதா பெருவிரல் ரேகை வைத்திருக்கிறாள். உன் தலைவரிடம் முத்திரையோடு வாங்கி அனுப்பு.

கண்டக்டர் வெள்ளிக்கிழமை திரும்ப வருகிறார். அவரிடமே பதில் கொடுத்தனுப்பு. தாமதிக்காதே.

உன் அக்கா,
ஃபலேசி